கச்சானும் கால்பந்தும்

நான் பார்த்த முதல் கால்பந்து ஆட்டத்தைத் தண்ணீருக்குள் நின்றுகொண்டுதான் பார்த்தேன். வயது ஒன்பது, ஆண்டு 1989, இடுப்பளவு கடல். பந்து கடலுக்குள் வந்தால் பிடித்துக் கரைக்கு எறிவதற்காக என்னைப்போல நாலைந்து பொடியன்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் ஆளுக்கு ஒரு நுங்குச் சுளை கூலி. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஆட்டக்காரர்களின் முகம் வெயிலில் கரைந்துவிடும், கால்கள் மட்டும் துல்லியமாகத் தெரியும். எங்கள் தெரு அணியில் யார் யார் விளையாடினார்கள் என்பதைவிட, யாருடைய கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது, யாருடைய கணுக்காலில் மஞ்சள்பற்று போட்டிருந்தது என்பதுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

எங்களை ஏன் தண்ணீரில் நிறுத்தினார்கள் என்பது விளங்க எனக்குச் சில வருடங்கள் ஆயின. எங்கள் ஊர் மண்டபத்துக்கு மேற்கே, இரண்டு கடலும் நெருக்க ஒடுங்கிக் கிடக்கும் நிலத்துண்டில் இருக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என்பதெல்லாம் பாடப்புத்தகத்துப் பெயர்கள். ஊரில் வடகடல், தென்கடல், அவ்வளவுதான். மே மாதம் பாதி கழியும்போது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று இறங்கிவிடும். தென்கடலை அது கொந்தளிக்க வைக்கும். அதே காற்று வடகடலில் தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் அங்கே கரையோரத் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசிக்கு மேல் வாடை திரும்பியதும் கதை தலைகீழாகும். வடகடல் பொங்கும், தென்கடல் படியும். இரண்டு கடலும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஊர்களில் நாட்டுப்படகுக்காரர்கள் காற்றைப் பார்த்துக் கரையை மாற்றிக்கொள்வது காலங்காலமாக நடப்பதுதான்.

பந்துக்கும் இதே விதிதான். தென்கரையில் கச்சான் காலத்தில் விளையாடினால் பந்து கடலில் விழுந்த மறுநிமிடமே அலை அதைத் திருப்பித் தள்ளிவிடும். ஆனால் காற்றோடு வரும் மணல் கண்ணைத் திறக்க விடாது. வடகரையில் மணல் பறக்காது, நின்று விளையாடலாம். ஆனால் பந்து ஒருமுறை தண்ணீரில் விழுந்துவிட்டால் திருப்பித் தள்ள அலை கிடையாது. காற்று அதன் முதுகில் கை வைத்து, அவசரமே இல்லாமல், இலங்கைப் பக்கம் உருட்டிக்கொண்டே போகும். பின்னால் நீந்திப் போகிறவன் கைவீச வீச, அந்த அலையிலேயே பந்து இன்னும் ஒரு முழம் தள்ளிப்போகும். நான் ஆட்டம் பார்க்க வருவதற்கு முன்பு ஒரு புதுப் பந்து அப்படிப் போனதாம். வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போய் எடுத்து வருவதற்குள் மஃரிபு, அதாவது அந்தித் தொழுகை நேரம், வந்துவிட்டது. ஆட்டம் அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகுதான் பொடியன்களைக் கடலில் நட்டுவைக்கும் ஏற்பாடு.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடற்கரைக்காரன் ரத்தத்திலேயே கால்பந்து ஊறியிருக்கிறது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். ரத்தத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் காரணம் தேடும் வேலை மிச்சம். தேவிபட்டினத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வரை இந்தக் கரையில் தெருவுக்கொரு பந்தாட்ட அணி எழுந்ததும், நாலைந்து வருடத்தில் கலைந்ததும், மறுபடி வேறு பெயரில் எழுந்ததும் ரத்தத்தால் அல்ல. மணல், காற்று, பாங்கு, விசா, மீன்பிடித் தடைக்காலம் என்று கையில் தொட்டுக் காட்டக்கூடிய காரணங்கள் இருக்கின்றன.

முதலில் மணல். ராமநாதபுரம் மாவட்டத்தின் உள்பகுதி கபடிக்கும் கைப்பந்துக்கும் பெயர்போனது. அங்கே கோடையில் வறண்ட கண்மாய்த் தரை கல்போல் இறுகிவிடும். 1990களில் கிரிக்கெட் வந்தபோது அதே கண்மாய்கள் அதற்கும் இடம் கொடுத்தன. கடற்கரை மணலில் கிரிக்கெட் எடுபடாது. டென்னிஸ் பந்தை ஓங்கிப் போட்டால் பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். எழும்பாத பந்தை எந்த சச்சினாலும் அடிக்க முடியாது. நாடு முழுவதும் பையன்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்திலும் எங்கள் கரையில் கால்பந்து இன்னும் பத்துப் பன்னிரண்டு வருடம் தாக்குப்பிடித்ததற்கு இதைவிடப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை.

மணல் ஆட்டத்தின் போக்கையும் மாற்றியது. காய்ந்த மணலில் பந்து உருளாது. தரையோடு தரையாகக் கொடுக்கும் பாஸ் பாதி வழியில் செத்துவிடும். அதனால் கடற்கரைப் பையன்கள் பந்தைக் கீழே விடமாட்டார்கள். பாதத்தின் மேல்புறத்தால் லேசாகக் கிண்டி எடுப்பது, நெஞ்சில் வாங்குவது, தரையில் படுவதற்கு முன் அடிப்பது என்று எல்லாம் ஆகாயத்திலேயே நடக்கும். இதே பையன்களை ராமநாதபுரம் பக்கத்துக் கட்டாந்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனால் முதல் பத்து நிமிடம் பேந்தப் பேந்த விழிப்பார்கள். பந்து அவர்கள் காலை விட்டு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உள்பகுதிக்காரர்கள் இங்கே வந்தால் பதிலுக்குப் பதில்: அவர்களுக்கு அரை மணி நேரத்தில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். சொந்தத் தரையில் தோற்காதவர்கள் என்று பெயரெடுத்த அணிகளில் பாதி, சொந்த மணலில் தோற்காதவர்கள்தான்.

ஈரமணல் வேறு ரகம். அலை நனைத்துவிட்டுப் போன கரையோரப் பட்டையில் மணல் இறுகி, பந்து நன்றாக உருளும். ஆனால் அது அகலம் குறைந்த பட்டை. ஆகவே திடல் நீளமாகவும் ஒடுக்கமாகவும் அமைந்தது. ஒரு பக்கக் கோடு கடல், மறுபக்கக் கோடு இழுத்துவைத்த வள்ளங்கள். பாக் விரிகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் குறைவு என்பதால் கடல் என்ற கோடு ஆட்டத்தின் நடுவே பெரிதாக நகராது. பதினோரு பேர் ஆட அந்த இடம் போதாது. ஏழு பேர் ஆட்டம் வழக்கமாயிற்று. ஆஃப்சைடு கிடையாது. கடல் பக்கமிருந்து த்ரோ போடுகிறவன் முழங்கால் தண்ணீரில் நின்று போடுவான், அவன் தோளுக்குப் பின்னால் நாங்கள் நிற்போம்.

எல்லா அணிகளுக்கும் இப்படிக் கடல் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. சில தெருக்காரர்களுக்குத் தரவைதான் கதி. உவர் பூத்து வெளுத்து, புல்கூட முளைக்காத சமதரையை எங்கள் பக்கம் தரவை என்போம். கோடு போடச் சுண்ணாம்பு தேவையில்லை. வெள்ளைப் பொருக்கைக் குதிகாலால் கீறினால் கீழே உள்ள கறுப்பு மண் கோடாகத் தெரியும். தரவையின் சாபம் சுற்றிலும் இருந்த சீமைக்கருவேலம். முள்ளில் பட்டால் பந்தின் கதை முடிந்தது. அங்கே எங்கள் வயதுப் பையன்களுக்கு வேலை கடல் காவல் அல்ல, முள் காவல்.

பந்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. எங்கள் தெருவுக்கு 1990களின் தொடக்கம்வரை இருந்தது தோல் பந்து. வேறு பல விளையாட்டுச் சாமான்களையும்போல அதுவும் ஜலந்தரில் தைத்தது. பிரிவினையின்போது சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் அங்கே உருவாக்கிய தொழில் அது என்பதெல்லாம் நான் பின்னால் படித்தது; அப்போது பந்து மதுரையிலிருந்து வந்தது என்பதே எங்களுக்குப் பெரிய செய்தி. உள்ளே ரப்பர் பிளாடர், வெளியே தோல், வாயை இழுத்துக் கட்ட ஒரு வார். அந்த வார் முடிச்சு நெற்றியில் படும்படி தலையால் முட்டியவனுக்கு இரண்டு நாளைக்கு முத்திரை இருக்கும். விதிப்படி பந்தின் எடை 410இலிருந்து 450 கிராமுக்குள் இருக்க வேண்டும். உப்புத்தண்ணீர் குடித்த தோல் பந்தை எந்தத் தராசில் வைப்பது? கடலில் இரண்டுமுறை விழுந்து எழுந்த பந்து தேங்காய் மாதிரி கனக்கும். காய்ந்தபின் தோல் வெடித்துச் சுருங்கும்.

அதற்கு எங்கள் ஊர் கண்டுபிடித்த மருந்து சுறா எண்ணெய். மரவள்ளங்களுக்குத் தண்ணீர் ஏறாமலிருக்க மீனெண்ணெய் பூசுவார்களே, அதையே பந்துக்கும் பூசினார்கள். சனிக்கிழமை இரவு என் தாய்மாமா திண்ணையில் உட்கார்ந்து, பழைய பனியன் துணியை எண்ணெயில் நனைத்து, தையல் தையலாகத் தேய்ப்பார். தையல் ஓட்டைகளில் எண்ணெய் இறங்க வேண்டும் என்பதற்காகப் பந்தைக் கொஞ்சம் காற்றிறக்கி வைத்துக்கொள்வார். தேய்த்து முடித்து, ஓலைப்பெட்டியில் போட்டு, பூனை எட்டாத உயரத்தில் கட்டித் தொங்கவிடுவார். பூனை எட்டாத உயரம் என்பது வேடிக்கைக்குச் சொன்னதல்ல. ஒருமுறை பந்தை உறியிலிருந்து இறக்கியபோது நான்கு பல் தடம் இருந்தது. அன்றைக்கு அந்தப் பந்தை நெஞ்சில் வாங்கிய எதிரணிக்காரர்கள் எல்லோரும் வீட்டில் பேச்சு வாங்கியிருப்பார்கள். சுறா எண்ணெய் நாற்றம் மூன்று வெளுப்புக்குப் போகாது. உலகக் கோப்பையிலேயே 1986இல்தான் முழுக்கச் செயற்கைப் பொருளால் ஆன பந்து முதன்முதலாக வந்தது. எங்கள் கரைக்கு அது வந்துசேர இன்னும் ஐந்தாறு வருடம் ஆயிற்று. அதோடு எண்ணெய் பூசும் சடங்கு நின்றது, பூனைக்கும் நிம்மதி.

கோல் கம்பம் சவுக்கு. குறுக்குக் கம்புக்கு நீளமான சவுக்குக் கிடைக்காவிட்டால் கயிறு. கயிற்றுக்கு மேலே போனதா, கீழே போனதா என்ற சண்டை இல்லாத ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்திலும் ஆரம்பத்தில் கட்டைக்குப் பதில் நாடாதான் கட்டியிருந்தார்கள், 1880களில்தான் கட்டை கட்டாயமானது என்று பின்னாளில் படித்தபோது, எங்கள் ஊர் நூறு வருடம்தானே பின்தங்கியிருந்தது என்று சமாதானப்பட்டுக்கொண்டேன். ஆனால் வலை விஷயத்தில் எங்களை யாரும் மிஞ்ச முடியாது. கோலுக்கு வலை கட்டும் யோசனை ஜான் அலெக்சாண்டர் பிரோடி என்ற லிவர்பூல் பொறியாளருடையது; 1891இல் இங்கிலாந்தில் புழக்கத்துக்கு வந்தது. வலை கட்டுவது இன்றுவரை விதிப்படி கட்டாயமில்லை. நகரங்களில் எத்தனையோ பள்ளித் திடல்களில் வெறுங்கம்பம்தான் நிற்கும். எங்கள் கரையில் கோலுக்கு வலை இல்லாமல் இருந்ததே இல்லை. விசைப்படகின் இழுவலையில் கழித்த மடிப்பகுதி நைலான் தடிமனானது. அதை விரித்துக் கட்டினால் பந்து போய்ச் சொருகி நிற்கும். மெல்லிய ஒற்றை நரம்பால் ஆன தங்கூசி வலை கட்டக் கூடாது, வேகமாக வரும் பந்து அறுத்துக்கொண்டு போய்விடும். வலை கிழிந்தால் இடைவேளையிலேயே யாராவது ஒரு பெரியவர் இடுப்பிலிருந்து ஊசியை எடுத்து, பேச்சை நிறுத்தாமல், கண்ணி கண்ணியாகப் பின்னிவிடுவார். கோல் விழுந்ததும் வலையிலிருந்து காய்ந்த செதில்கள் வெயிலில் மினுங்கிக்கொண்டு உதிர்வதை அருகிலிருந்து பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

நேரத்தைப் பற்றி. அப்போது எங்கள் அணிகளிடம் நல்ல கைக்கடிகாரம்கூடக் கிடையாது, தேவையும் இல்லை. அஸர் தொழுகை முடிந்து ஆட்டம் தொடங்கும், மஃரிபு பாங்கு சொன்னால் ஆட்டம் முடியும். நடுவே கிடைப்பது இரண்டரை மணி நேரம்; ஆட்கள் கூடி, அணி பிரிந்து, கம்பம் நட்டு, சண்டை போட்ட நேரம் போக ஆட்டத்துக்கு மிஞ்சுவது ஒரு மணிச் சொச்சம். தோற்றுக்கொண்டிருக்கிற அணி பாங்குக்கு முன் சமன் செய்யத் துடிக்கும், ஜெயித்துக்கொண்டிருக்கிற அணி பந்தை வேண்டுமென்றே கடலுக்குள் அடிக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் தண்ணீரில் நின்ற எங்கள் கைக்கு வந்த அதிகாரம் கொஞ்சநஞ்சமல்ல. பந்தை விரைந்து எறிவதா, கை வழுக்கியதுபோல் நடிப்பதா என்பது எந்தத் தெருப் பையன் நிற்கிறான் என்பதைப் பொறுத்தது. நான் நடித்திருக்கிறேன். ஒருமுறை பிடிபட்டு நுங்குச் சுளையை இழந்தும் இருக்கிறேன்.

கீழக்கரை, பெரியபட்டினம், புதுமடம் போன்ற ஊர்களில் வெள்ளிக்கிழமை பெரிய ஆட்டம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கிறிஸ்தவ மீனவக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாததால் அன்று மாலை. ரமலான் மாதத்தில் பகல் ஆட்டம் நின்று, தராவீஹ் தொழுகைக்குப் பிறகு குழல்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும். ஜூலையில் தங்கச்சிமடம் வேர்க்காடு சந்தியாகப்பர் திருவிழா வரும். எல்லா மதத்துக்காரர்களும் கூடும் விழா அது. அந்த நாட்களில் ஆட்டக்காரர்களைத் தேடித் திடலுக்குப் போவது வீண்வேலை. வாரத்தின் எந்த நாள் எந்த ஊரில் ஆட்டம் என்பதை மதமும் தொழிலும் முன்பே பிரித்துக்கொடுத்துவிட்டதால், பார்க்க ஆசைப்பட்ட எங்களுக்கு வாரத்துக்கு இரண்டு ஆட்டம் நிச்சயம்.

அணி என்றால் தெரு. தெரு என்றால் வெறும் தெருவா? ஜமாத்தும் தேவாலயப் பங்கும் சாதியும் அதற்குள் மடிந்து கிடந்தன. மேலத்தெருப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் கீழத்தெரு அணியில் இடமில்லை. கால்பந்து எல்லோரையும் ஒன்றாக்கியது என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். என்னைக் கேட்டால், ஒன்றாக்கவில்லை. சண்டையைக் கம்பத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே போடப் பழக்கியது. அதுவே பெரிய காரியம்தான். நடுவர் எப்போதும் வெளியூர்ப் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருப்பார். உள்ளூரில் மாமனோ மச்சானோ இல்லாத ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் காரணம். அவர் வந்துசேரும் பஸ் தாமதமானால் ஆட்டம் தாமதம், கடைசி பஸ்ஸுக்கு நேரமானால் கூடுதல் நேரம் கிடையாது.

அணிகள் ஏன் நிலைக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லலாம்: விசா. பதினாறு, பதினேழு வயதில் தெரு அணிக்குள் வருவார்கள். இருபது, இருபத்தொன்றில் பாஸ்போர்ட் வரும். துபாய்க்கோ சவுதிக்கோ ஒருவன் பறந்தால் அடுத்த வருடம் அவனே இன்னொருவனைக் கூப்பிட்டுக்கொள்வான். நல்ல அணி ஒன்று கூடி, ஒருவர் காலை ஒருவர் புரிந்துகொண்டு ஆடத் தொடங்கும்போது பாதிப்பேர் விமானத்தில் இருப்பார்கள். முந்தைய தலைமுறைக்குக் கொழும்பு எப்படியோ அப்படித்தான் இது. தனுஷ்கோடி வழியாக ரயிலும் கப்பலும் சேர்ந்து ஓடி, 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையே விழுங்கும்வரை அது சாதாரணப் பயணம். கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்த ஒரு பெரியவர் எங்கள் திடலோரம் வந்து நின்று, அங்கே தான் பூட்ஸ் போட்டு விளையாடியதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். நாங்கள் நம்பியதில்லை. அவர் இறந்தபின் பெட்டியில் ஒரு ஜோடி இருந்தது.

போனவர்கள் அணிக்கு இழப்பு மட்டுமல்ல, வரவும்கூட. ஜெர்சி, பம்ப், ஊசி, கோலிக்குக் கையுறை எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுப்பில் வருகிறவர் பெட்டி நிறையக் கொண்டுவருவார். கொண்டுவந்தவருக்கு அணியில் இடம் கொடுக்காமல் இருக்க முடியாது. பிரியாணி வயிறும் பளபளக்கும் பூட்ஸுமாக அவர் முன்வரிசையில் நிற்க, ஏழு பேரில் ஆறு பேர் ஓடுவார்கள். ஆனால் மணலில் பூட்ஸ் உதவாது. பத்து நிமிடத்தில் உள்ளே மணல் நிறைந்து, அவரும் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலோடு இறங்குவார்.

வெறுங்கால் எங்களுக்கு வறுமையின் அடையாளம் அல்ல, மணலுக்கு ஏற்ற கருவி. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி பிரான்சிடம் 1–2 என்று தோற்றார்கள். இந்தியாவின் அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அந்தப் பெயரை ஒரு பழைய விளையாட்டு மலரில் படித்த நாளில், ஏதோ பக்கத்துத் தெருக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. வெறுங்கால் பழக்கத்தால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்பது ஊரெல்லாம் சொல்லும் கதை. விளையாட்டு வரலாற்றாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை. உலகக் கோப்பையின் அருமை அப்போதைய நிர்வாகிகளுக்குத் தெரியவில்லை, ஒலிம்பிக்கே பெரிது என்று இருந்துவிட்டார்கள் என்பதே அவர்கள் சொல்லும் காரணம்.

நான் பார்த்த மிக நல்ல ஆட்டக்காரர்கள் எங்கள் தெருக்காரர்கள் அல்லர். மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து வந்தவர்கள். மன்னார், யாழ்ப்பாணப் பக்கத்து இளைஞர்கள். அவர்கள் கால்பந்து என்று சொல்லமாட்டார்கள், உதைபந்தாட்டம் என்பார்கள். ‘உதை’ என்று பெயர் வைத்துக்கொண்டு இவ்வளவு மென்மையாகப் பந்தைத் தொடுகிறார்களே என்று மாமா வியந்தது நினைவிருக்கிறது. எங்கள் ஆட்கள் பந்தை வாங்கியதும் தலைநிமிராமல் ஓங்கி அடிப்பார்கள். அவர்கள் வாங்குவதற்கு முன்பே யாருக்குக் கொடுப்பது என்று பார்த்துவைத்திருப்பார்கள். பாதுகாப்பில் நின்ற ஒருவர் ஆட்டம் முழுக்கக் கையை நீட்டிக் காட்டிக்கொண்டே இருப்பார், ஒருமுறைகூடச் சத்தம் போடமாட்டார். எங்கள் அணியை மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்கடித்துவிட்டு, கைகுலுக்கி, கோப்பைப் பேச்சுக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்கள். இருட்டுவதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். 1991க்குப் பிறகு முகாம்களில் கெடுபிடி கூடியது. அவர்கள் வெளியூர் ஆட்டங்களுக்கு வருவது அருகிப்போனது. எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் மட்டும் தலையை நிமிர்த்திப் பந்தை வாங்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். அது யாரிடமிருந்து வந்தது என்று இன்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது.

தொலைக்காட்சிக்கு நான் அதிகப் பங்கு கொடுக்கமாட்டேன். ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பினால் ரூபவாகினி எங்களுக்குத் தெளிவாகத் தெரியும், அவ்வளவுதான் வசதி. ஆனால் 1990 உலகக் கோப்பை ஒரு காரியம் செய்தது. முதல் ஆட்டத்திலேயே கேமரூன் அர்ஜென்டினாவை 1–0 என்று வீழ்த்தியதும், அடுத்து வந்த ஆட்டங்களில் அந்த அணியின் 38 வயது ரோஜர் மில்லா கோல் அடித்துவிட்டு மூலைக்கொடி அருகே இடுப்பை ஆட்டியதும் ஊரில் பேச்சாயின. எங்கள் மூலைக்கொடி கைலித் துண்டு கட்டிய சவுக்குக் குச்சி. அதைப் பிடித்துக்கொண்டு ஆடாத பையன் அந்த வருடம் இல்லை. ஓய்வு பெற்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்த இரண்டு மாமாக்கள் திரும்பவும் அரைக்கால் சட்டை போட்டார்கள்.

இவ்வளவு சொல்லும்போது ஒரு பாதியை விட்டுவிட்டேன் என்பது தெரிகிறது. பெண்பிள்ளைகள். அவர்கள் மாடியிலிருந்தும் வேலிக்குப் பின்னாலிருந்தும் பார்த்தார்கள். என் அக்காவுக்கு எல்லா அணிகளின் கோல் கணக்கும் மனப்பாடம், என்னைவிட. ஒருநாள்கூடப் பந்தைத் தொட்டதில்லை. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வென்று தேசியப் பட்டம் வாங்கியபோதும், மறுவருடம் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீகை வென்றபோதும் முதலில் எனக்கு செய்தி அனுப்பியது அவர்தான்.

கடைசியாகத் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற ஏற்பாடு தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001இல் வந்தது. ஏப்ரல் 15 தொடங்கி 45 நாள். 2017இலிருந்து அது ஜூன் 14 வரை 61 நாளானது. நாட்டுப்படகுகளுக்கு இது பொருந்தாது என்றாலும், விசைப்படகில் போகும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே நேரத்தில் கரையில் தங்குவது அதுவரை நடக்காத சங்கதி. என் சிறுவயதில் நல்ல ஆட்டக்காரன் எவனாவது ஒருவன் எப்போதும் கடலில் இருப்பான். முழு அணியும் ஒன்றாகக் கூடிய ஆட்டம் அபூர்வம். தடைக்காலம் வந்தபின் பள்ளி விடுமுறை, படகு மராமத்து, கச்சானுக்கு முந்தைய அமைதியான காற்று, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோர் எல்லாம் ஒரே இரண்டு மாதத்தில் வந்து விழுந்தன. இன்று இந்தக் கரையில் சுவரொட்டி ஒட்டி, ஒலிபெருக்கி கட்டி, மின்னொளியில், சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் வைத்து நடத்தும் பெரிய போட்டிகள் கோடையில் குவிவதற்கு இதுதான் காரணம். வருமானம் இல்லாத இரண்டு மாதம் அது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிவாரணத் தொகை வீட்டுச் செலவுக்கே பற்றாது, நுழைவுக் கட்டணத்தை ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துத்தான் கட்டுகிறார்கள்.

ஜூன் 14 கழிந்தால் விசைப்படகுகள் கிளம்பிவிடும். அதனால் இறுதி ஆட்டத்தை எங்கள் ஊரில் ஜூன் முதல் வாரத்துக்கு அப்பால் வைப்பதில்லை. ஒரு வருடம் மட்டும் ஊரில் ஒரு மௌத்து, அதாவது சாவு, விழுந்ததால் ஒத்திவைத்து, வேறு வழியில்லாமல் 14ஆம் தேதி மாலை வைத்தார்கள். நான் ஊருக்குப் போயிருந்தேன். கரைக்கு அப்பால் படகுகளில் ஐஸ் கட்டி இறக்கும் சத்தமும் டீசல் பீப்பாய்கள் உருளும் சத்தமும் ஒலிபெருக்கி வர்ணனைக்கு மேலாகக் கேட்டன. ஆட்டம் சமனில் முடிந்து டைபிரேக்கருக்குப் போனது. எங்கள் தெரு அணியின் கோலி ஒரு விசைப்படகில் வலை இழுப்பவர். மூன்றாவது அடியை இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார், ஐந்தாவதைக் காலால் தடுத்தார். பையன்கள் அவரைத் தோளில் தூக்கப் போனபோது கையுறையைக் கழற்றி என் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு, ஜெர்சியோடு ஒருவரின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டார். கோப்பையோடு எடுத்த குழுப்படம் இப்போதும் டீக்கடைச் சுவரில் இருக்கிறது. கோலி அதில் இல்லை.